ஒரே முகவரியில் ஒத்துழைப்பு இல்லை

புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேர் எதிரே டீக்கடை வைத்திருப்பவன் நான். புற்றுநோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை ஆராய்கிறவர்களை மேய்க்கிற அதிகாரிகளைப் பற்றி ஓரளவு தெரியும்.

நிலையத்தின் மாடியில் டாக்டரம்மாவும் கண்ணாடிக்காரரும் ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். அம்மா புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, மருந்து ஊற்றிப் பார்த்து, வேலை செய்கிறது என்பார். மூக்கு நுனியில் கண்ணாடி தொங்கும் மற்றவர், அதை நுண்ணோக்கியில் பார்த்து, அதெல்லாம் இல்லை என்பார். நாள் முழுக்கச் சண்டை. சண்டையில் மிஞ்சியதைக் கட்டுரையாக எழுதி, இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்புவார்கள். அப்படியே ஒரு அலமாரி நிறைந்துவிட்டது.

ஒருநாள் மதிப்பீட்டு அதிகாரி வந்தார். கட்டுரைகளைப் படிக்கவில்லை, படிப்பது அவர் துறை அல்ல. முகவரிகளை மட்டும் பார்த்தார்.

"கட்டுரை ஏராளம். ஒத்துழைப்புதான் பூஜ்யம்."

"எல்லாத்துலயும் ரெண்டு பேர் இருக்கோமே சார்?"

"ரெண்டு பேரும் ஒரே முகவரி. ஒரே முகவரில இருக்கறவங்க பேசிக்கிட்டா அது அரட்டை மேடம்."

நிறுவனங்களுக்கிடையிலான ஒத்துழைப்பை ஆண்டு இறுதிக்குள் மெய்ப்பிக்கத் தவறினால், செல் வளர்க்கும் பெட்டியின் மின்சாரம் துண்டிக்கப்படும் என்று உத்தரவு வந்தது. அந்தப் பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மாவின் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் இருந்தன. புது மருந்தைக் கண்டு கொஞ்சமாவது பயந்த செல்கள் அவைதானாம். பெட்டி அணைந்தால் எல்லாம் போச்சு.

நிலையம் கூடி யோசித்தது. என் கடைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த கிடங்கில் கண்ணாடிக்காரரை உட்கார வைத்து, 'உயர்நிலை நுண்ணோக்கு ஆய்வு மையம்' என்று பலகை மாட்டினார்கள். நுண்ணோக்கி மட்டும் பழைய மாடியிலேயே இருந்தது. அது நிலையத்தின் சொத்து. ரோட்டைத் தாண்ட அதற்கு அனுமதியில்லை.

இப்போது இரண்டு முகவரி. ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இரண்டு நிறுவனங்களும் பேசினால் அது தகவல் கசிவு. ஒப்பந்தமோ மேசைக்கு மேசை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதனால் இருவரும் என் பெஞ்சில் முதுகோடு முதுகு உட்கார்ந்து, என்னிடம் பேசினார்கள்.

"அண்ணே, மருந்து போட்ட செல்லு சுருங்கிடுச்சு" என்றார் அம்மா, தெருவைப் பார்த்தபடி.

நான் திரும்பி, "சுருங்கிடுச்சாம்" என்றேன்.

"மருந்துல சுருங்குச்சா, பட்டினில சுருங்குச்சான்னு கேளுங்க. போன தடவை செல்லுக்குச் சாப்பாடு ஊத்த மறந்தவங்கதானே."

"ஊத்தியாச்சுன்னு சொல்லுங்க. அவரு மூக்குல இன்னும் கண்ணாடி இருக்கான்னும் கேளுங்க."

இப்படியே ஆராய்ச்சி நடந்தது. ஒருநாள் பார்த்தால், கையில் கிளாசோடு பின்னால் நிற்கிறார் அதிகாரி. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க இவங்க ஆபீசா?" என்றார் என்னிடம்.

"டீக்கடை சார்."

"முகவரி?"

"தனிக் கதவு எண் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இது முத்தரப்பு ஒத்துழைப்பு."

பெட்டி பிழைத்தது. கட்டுரை வெளிவந்தது. மூன்றாவது பெயர் என்னுடையது; முகவரி, 'தேநீர்வழித் தொடர்பு மையம்'. அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டினேன். அதைக் காட்டாமல் யாருக்கும் கிளாசை நீட்டுவதில்லை.

போன மாதம் அதிகாரி மறுபடி வந்தார், என்னை மதிப்பிட.

"டீ போடறது யாரு?"

"நான்தான்."

"பால் காய்ச்சறது?"

"வீட்டுக்காரி."

"ஒரே அடுப்பா?"

என் மையம் தகுதி இழந்தால் பெட்டிக்கு மறுபடி ஆபத்து. சட்டத்தையும் கழற்ற வேண்டிவரும். அது வேறு விஷயம்.

இப்போது என் வீட்டுக்காரி எதிர்ச்சாரியில், நிலையத்தின் வாசலோரம் பால் காய்ச்சுகிறாள். எங்கள் ஒப்பந்தமும் தூங்குகிறது. நடுவில் டாக்டரம்மாதான் தூது.

நேற்று அதிகாரி பெஞ்சில் இருக்கும்போது, ஆடை கட்டின பாலோடு ரோட்டைத் தாண்டி வந்தார் அம்மா.

"அண்ணே, சர்க்கரை போட்டாச்சான்னு அக்கா கேக்கறாங்க."

"போட்டாச்சும்மா. செல்லுக்குச் சாப்பாடு ஊத்தியாச்சான்னு கிடங்குல கேக்கறாரு."

அம்மா பால் பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து மாடிக்கு ஓடினார்.

அதிகாரி ஆறிப்போன டீயை உறிஞ்சி, 'நான்கு தரப்பு' என்று எழுதிக்கொண்டார்.