கரண்டில் ஓடிய கட்டுமரம்

சென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களில் சிலர் சிக்னலைப் பார்த்து ஓட்டுவார்கள். சிலர் போலீஸைப் பார்த்து. பலபேர் போனைப் பார்த்து. வானத்தைப் பார்த்து ஓட்டிய ஒரே ஆள் கட்டுமரம்தான். அப்படி ஓட்டியும் முழுசாக இருக்கிற ஒரே ஆளும் அவர்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் தப்பில்லாமல் எழுதியிருக்க மாட்டேன். ஆறாம் வகுப்பிலேயே என்னையும் தமிழையும் வேறு வேறு பெஞ்சில் பிரித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

மந்தைவெளியில் மாமி மெஸ் என்று ஒரு சாப்பாட்டுக் கடை. வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கேரியர் கொண்டுபோக மாமி இரண்டு பேட்டரி பைக் வாங்கியிருந்தார். ஒன்றை நான் ஓட்டினேன். இன்னொன்று ஓட்ட ஆளில்லாமல், கிரைண்டருக்குப் பக்கத்தில் சும்மா சார்ஜ் குடித்துக்கொண்டு நின்றது.

ஒரு தை மாதக் காலையில் ஸ்டெல்லாக்கா தன் புருஷனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவர்தான் கட்டுமரம். அக்கா பட்டினப்பாக்கம். மந்தைவெளித் தெருக்களில் மீன் விற்பவர். மெஸ் சுத்த சைவம் என்பதால் கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசுவார்.

"மாமி, எங்கூட்டு ஆளுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க. போட்டுல போறத நிறுத்தியாச்சு. எங்க அண்ணன கடல் எடுத்துக்கிச்சு. இவரையும் எடுத்துக்கினா நான் யாராண்ட சண்ட போடறது?"

"முன்னாடி எங்க வேலை பார்த்தார்?"

"தி.நகர்ல துணிக்கடைல லிஃப்ட்டு ஓட்டினாரு. வாந்தி எடுத்துட்டாரு."

"கடல்ல போனவருக்கு லிஃப்ட்ல வாந்தியா?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் வாயைத் திறந்தார். "அலையே இல்லாம மேல கீழ போவுது மாமி. ஒடம்பு ஏமாந்துடுச்சு."

அதற்கு முன்னால் ராயப்பேட்டையில் ஒரு அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன். பொழுது போகவில்லை என்று வலை பின்ன ஆரம்பித்து, அதைக் காயவைக்க கேட்டின் குறுக்கே கட்டிவிட்டாராம். ஆபீஸுக்குக் கிளம்பிய குடித்தனக்காரர்கள் வரிசையாக வந்து மாட்டிக்கொண்டார்கள்.

"இந்த வேலயும் போச்சுன்னா அவுரு தம்பி போட்டுல ஏறிடுவாரு மாமி" என்றார் அக்கா. "அங்க எப்பவும் ஒரு ஆளு எடம் காலியா கீது. அத நெனச்சா எனக்கு சோறு எறங்கல."

மாமி உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்து வந்து கொடுத்தார்.

ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வாத்தியார் வேலை அதுதான். சாவியைத் திருப்பினேன்.

"ஸ்டார்ட் ஆச்சா நைனா?"

"ஆச்சு அண்ணாத்த."

"சத்தம் காணோம்?"

"பேட்டரி வண்டிக்கு சத்தம் கெடயாது."

நம்பாமல் கைப்பிடியை முறுக்கினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தெருமுனை வரைக்கும் போய் நின்றவர் வெகுநேரம் திரும்பவே இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

"நைனா, வல போடறப்போ நடுக்கடல்ல மிஷின ஆஃப் பண்ணுவோம். அப்பயும் போட்டு கொஞ்ச தூரம் தானா போய்க்கினே இருக்கும். தண்ணி மட்டும் பேசும். அந்த கொஞ்ச தூரத்த எவனோ வண்டியா செஞ்சி வச்சிருக்கான்."

அந்த வண்டியை நானும் பல மாதமாக ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது பெட்ரோல் கேட்காத வண்டி, அவ்வளவுதான். அவர் சொன்ன பிறகுதான் காதைத் திறந்தேன். லஸ் பக்கம் போகும்போது பூக்கட்டுகிற அம்மா நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம் கேட்டது. மாடியில் யாரோ அப்பளம் நொறுக்கினார்கள். ஊரே தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதன் கனவுக்குள் சாம்பார் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம்.

ஆனால் மனிதர் ரோட்டை ரோடு என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. காலையில் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடிப்பார். "தெக்கத்திக் காத்து. அடையாறு லேட்டாவும், சொல்லிடு" என்பார். எதிர்க்காற்றில் முறுக்கினால் சார்ஜ் வீணாகிவிடுமாம். மாமியும் வேறு வழியில்லாமல் போனில் வாடிக்கையாளரிடம், "காத்து எதிர்ல அடிக்கறதாம், சித்த பொறுத்துக்கோங்கோ" என்று சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, மாமி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

சித்திரை பிறந்தது. ஒருநாள் ஆளைக் காணோம். வண்டியையும் காணோம். மாமி என்னை பட்டினப்பாக்கத்துக்கு விரட்டினார். போய்ப் பார்த்தால், வீட்டு வாசலில் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் கட்டுமரம் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்.

"இன்னா அண்ணாத்த, ஒடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கு இன்னா? தடக்காலம் நைனா."

கோடையில் மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று கடலில் விசைப்படகு போகக் கூடாது என அரசாங்கம் தடை போடும். கரையில் எல்லோரும் படகை மேலே ஏற்றி, பெயிண்ட் அடித்து, ஓய்வு எடுப்பார்கள். அதை இவர் பேட்டரி பைக்குக்கும் சேர்த்து அனுசரிக்கிறார்!

அக்கா வந்து தார்ப்பாயை உருவினார். உள்ளே வண்டி பளபளவென்று நீலமாக நிற்கிறது. முன்பக்கம் பெரிதாக இரண்டு கண் வரைந்து 'மாதா துணை' என்று எழுதியிருந்தது. பின்பக்கம் 'மாமி துணை'.

அப்படியே இழுத்துக்கொண்டு வந்து மாமி முன்னால் நிறுத்தினோம்.

"சாம்பாருக்கு ஏதுப்பா தடைக்காலம்! கத்திரிக்காய் என்ன குஞ்சா பொரிக்கறது?" என்று ஆரம்பித்த மாமி, வண்டியைச் சுற்றிவந்து பின்பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "துணைக்கு ரெண்டு சுழி மூணு சுழியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அக்னி நட்சத்திர வெயிலில் தார் இளகி, தூரத்து ரோடு தண்ணீர் மாதிரி நெளியும். பேட்டரி சூடேறி வண்டி நின்றுவிடும். நான் வண்டியை உதைப்பேன். அப்புறம் என் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவேன். கட்டுமரமோ தூங்குமூஞ்சி மரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, ஈரக் கோணியைப் போர்த்தி, "நங்கூரம் போட்டாச்சு" என்று கண்ணை மூடிக்கொள்வார். அந்த நெளிகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே நானும் பக்கத்தில் சாய்வேன். இலை வழியாக வெயில் சொட்டும். கேரியர் சூடு ஆறாது, ஊரே அடுப்பு மாதிரிதான் இருக்கும். பசித்தவர்களின் கோபமும் ஆறாது. மாமிக்குப் புகார் மேல் புகார்.

ஆடியில்தான் விஷயம் முற்றியது. ஆடி மாதம் மேல்காற்று ஆளைத் தள்ளும். தி.நகரில் காலி கேரியர்களை வாங்கிக்கொண்டு மயிலாப்பூர்ப் பக்கம் திரும்பினால் அத்தனை காற்றும் முதுகில். மெஸ் மொட்டைமாடிக் கொடியில் என்னவோ துணி காய்ந்தது என்று கட்டுமரம் எடுத்து வந்திருந்தார். இரண்டு மூங்கில் கழியை சீட்டுக்குப் பின்னால் கட்டி, துணியை விரித்தார். பாய்மரம்!

நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். சேமியர்ஸ் ரோட்டில் அரக்குக் கலர் பாய் புடைத்துக்கொண்டு, மரங்களுக்கு நடுவே மிதந்துபோகிறது. சத்தம் இல்லை. பஸ் ஜன்னலில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்புகிறது. சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாய்யா இது?"

"காத்து சும்மா போய்க்கினு கீது சார். அதான் புடிச்சிக்கினேன்."

போலீஸ்காரர் யோசித்தார். "எதுல கேஸ் போடறதுன்னே தெரியல. என் கண்ணு முன்னாடி நிக்காத, போ."

அந்த நேரம் பார்த்து எதிரே ஓர் ஆட்டோவில் மாமி. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஐயோ, என் ஒன்பது கஜம்! டிரைவர், அந்தப் புடவையைத் துரத்துப்பா!"

மெஸ் வாசலில் பஞ்சாயத்து. மாமி மூச்சு வாங்கச் சொன்னார்: "இதான் கடைசி. இன்னொரு தடவை ஏதாவது சாக்கு சொல்லி கேரியர் நின்னுதோ, சாவியை வெச்சுட்டு நீ கெளம்பிண்டே இருக்கலாம்."

கேட்டுக்கு வெளியே நின்ற ஸ்டெல்லாக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக என் வண்டியின் டயரை அழுத்தி அழுத்திக் காற்றுப் பார்த்தேன். அப்புறம் பல வாரம் கட்டுமரம் சொன்ன வழியில் போனார், சொன்ன நேரத்தில் வந்தார். ஆனால் சாயங்காலம் அவருடைய தம்பி செருப்பில் மணலோடு வந்து தெருமுனையில் நிற்பதை நான் பார்த்தேன். "ஒரு ஆளு கம்மியா கீது, வர்றியா?" என்று கேட்பான். இவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

கார்த்திகையில் வானம் கிழிந்தது. ஒருநாள் காலை எல்லார் போனிலும் ஒரே சேதி: துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மெஸ்ஸில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டுமரம் நனைந்தபடி வந்து, வண்டியைத் தொடாமல் நின்றார்.

"கூண்டு ஏத்திட்டாங்க மாமி. இன்னைக்கு வண்டி எடுக்க மாட்டேன்."

"இது பைக்குப்பா, கப்பல் இல்ல! வயசானவா எல்லாம் ஆத்துல சாதத்துக்கு ஒக்காந்திண்டிருப்பா."

"தெரியும் மாமி. எடுக்க மாட்டேன்."

"அப்போ சாவியை வெச்சுடு."

வாக்குவாதம் பண்ணுவார் என்று நினைத்தேன். சாவியை மாவு டிரம் மூடி மேல் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். தம்பி படகில் காலியாக இருந்த அந்த இடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"நான் போறேன் மாமி" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். வீரம் இல்லை. மாமி என்னை ஒரு தடவையாவது பாராட்ட வேண்டும் என்ற அற்ப ஆசை.

கிரீன்வேஸ் ரோடு தாண்டுவதற்குள் முழங்கால் தண்ணீர். என் வண்டி ஒரு முக்கல்கூட இல்லாமல் உயிரை விட்டது. கேரியர் மூடி கழன்று, ரசம் எது ரோடு எது என்று தெரியவில்லை. ஓர் அப்பளம் மட்டும் என்னைச் சுற்றிச் சுற்றி நீந்தியது. நடுரோட்டுத் திட்டில் ஏறி நின்று, மாமிக்குப் போன் போட்டு அழுதேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நீச்சல் தேவையில்லை என்பதும் அப்போது தெரியவில்லை.

மழைத்திரைக்குள்ளிருந்து ஓர் ஆள் நடந்துவந்தார். தோளில் கயிறு.

"அண்ணாத்த! நீங்க வர மாட்டேன்னீங்களே?"

"வண்டிய எடுக்க மாட்டேன்னேன். காலு என்னுது நைனா. நீ போறத தெருமுனைல பாத்தேன், வூட்டாண்ட போய் கயித்த எடுத்துக்கினு பின்னாடியே வந்தேன். ஏறி ஒக்காரு, பாரம் இருந்தாதான் நேரா வரும்."

கயிற்றைக் கட்டி இழுத்தார். ஏலேலோ என்று மெல்ல ஒரு ராகம். நான் செத்த வண்டியின் மேல் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். கேட்டுகளும் மரங்களும் பக்கத்தில் மெதுவாக நகர்ந்தன. தண்ணீர் மட்டும் பேசியது. குளிர், பயம், பசி எல்லாம் இருந்தும், அந்தப் பயணம் முடியாமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

மெஸ்ஸுக்குள் ஸ்டெல்லாக்கா நின்றுகொண்டிருந்தார். ஆமாம், கேட்டைத் தாண்டி, கிரைண்டருக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட.

"மாமி, எங்க அண்ணன் கடலுக்குப் போனது கூண்டு ஏத்தின அன்னைக்கு. எல்லாரும் சொன்னாங்க, கேக்கல. பொணங்கூட வர்ல. அன்னைக்கு இந்தாளு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணாரு, கூண்டு ஏத்தினா படகோ வண்டியோ எதையும் வெளிய எடுக்க மாட்டேன்னு. அத காப்பாத்தினதுக்கு வேலய புடுங்கிட்டீங்களே. நாளைக்கு தம்பி போட்டுல ஏறுவாரு. அப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

மாமி அடுப்பை அணைத்தார். "ஏம்ப்பா, இதை மொதல்லயே சொல்லப்படாதா?"

"சாம்பார் கொதிக்கற எடத்துல சாவுப் பேச்சு எதுக்கு மாமி" என்றார் கட்டுமரம், கயிற்றைப் பிழிந்துகொண்டே.

மாமி மாவு டிரம் மேலிருந்த சாவியை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். "கூண்டு ஏத்தினா இனிமே மெஸ் லீவு. கேக்கறவாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். என் புடவையை மட்டும் தொட்டே, கொன்னுடுவேன்." அப்புறம் அக்காவுக்குத் துண்டும் டம்ளரில் சூடாக ரசமும் வந்தன. ஒரு வாய் குடித்த அக்கா, "உப்பு கம்மி மாமி" என்றார். மந்தைவெளியில் அதுவரை யாரும் சொல்லத் துணியாத வார்த்தை. மாமி உப்பு ஜாடியை எடுத்துவந்தார்.

என்னைப் பாராட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போது எனக்குத் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை. பறக்கிற மாதிரி ஒரு பைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் மார்கழி வந்துவிட்டால், விடியற்காலையில் மந்தைவெளியைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அந்த நேரத்தில் கட்டுமரம் பொங்கல் கேரியரோடு கிளம்புவார். அடையாறு பாலத்தின் மேல் பனி பால் மாதிரி இறங்கியிருக்கும். கீழே ஆறு தெரியாது, முன்னால் ஊர் தெரியாது. நீல வண்டி ஒன்று அதற்குள் மெதுவாகக் கரைந்து கரைந்து போய்க்கொண்டிருக்கும். முந்திப்போக ரோடு காலியாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் மனசு வருவதில்லை.