வூட்டுக்காரர் காபித்தூள்

என் வீட்டுக்காரர் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. எழுதவும் கை வராது. ஐந்துக்கு அடுத்த எண்ணோடு முகத்தைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னதை அப்படியே நம்பிய பத்தாம்பசலி நான். (டிகிரி முடித்திருந்தேன். அது வேறு விஷயம்.)

அப்போது கள்ளக்குறிச்சியில் நாங்கள் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தினோம். அவர் கம்பம் ஏறுவார், நான் வசூலுக்கு வீடு வீடாகப் படியேறுவேன். ஒருநாள் அவருக்கு ஞானோதயம். நாமே ஒரு காமெடி சீரியல் போட்டால் என்ன? ஒரே ஆபீசில் மனைவி மேனேஜர், புருஷன் பியூன். இருவரும் தம்பதி என்பது ஆபீசில் யாருக்கும் தெரியாது. அந்த ரகசியத்தை வைத்தே ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். எடிட்டிங் மெஷின் கிடையாது, அதனால் நேரடி ஒளிபரப்பு. மேனேஜர் நான், பியூன் அவர்.

விளம்பரத்துக்கு ஒரு காபித்தூள் முதலாளி கிடைத்தார். மேனேஜர் ஒரு வாய் காபி குடித்துவிட்டு, காபித்தூளின் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பாழாய்ப்போன அந்தக் காபித்தூளுக்கும் என் வீட்டுக்காரர் பெயர்தான்!

முதல் வாரம் அந்த இடத்தில் இருமிச் சமாளித்தேன். முதலாளி நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏம்மா, என் காபிய குடிச்சா இருமல் வரும்னு ஊருக்கே காட்டிட்டியே! அடுத்த வாரம் பேரு வரல, விளம்பரத்த நிறுத்திடுவேன்."

விளம்பரம் போனால் சீரியலும் போச்சு. என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

"நான்தான சொல்லச் சொல்றேன், சொன்னா இன்னா?"

"சொன்னா உங்களுக்கு ஆயுசு கம்மியாயிடுங்க."

"சொல்லலன்னா சீரியலுக்கு ஆயுசு கம்மி!"

இரண்டாவது வாரம். பியூன் காபி வைத்தார், குடித்தேன். கேமராவுக்குப் பின்னால் முதலாளி. "ஆகா, காபின்னா..." என்று ஆரம்பித்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. என் தாலி கண்முன்னே ஆடியது. கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

"எங்க வூட்டுக்காரர் காபித்தூள்தான்!"

பழக்கதோஷம், டிரேயும் கையுமாக நின்ற பியூன் கேட்டார், "இன்னாடி, கூப்ட்டியா?"

ஒரு வருஷம் ஓட்ட நினைத்த ரகசியம் ஒரு நொடியில் ஊருக்கே உடைந்தது. முதலாளி கோபத்தில் தன் செருப்பை விட்டுவிட்டு இவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சீரியல் அன்றே சிவலோகப் பதவி அடைந்தது. வெட்கத்தில் நான் வசூலுக்கே போகவில்லை.

அடுத்த வாரம் அதே முதலாளி, கையில் ஸ்வீட் பாக்கெட்டுடன் வந்தார்.

"ஏம்மா, இன்னா பண்ணி வெச்ச? கடைக்கு வர்ற பொம்பளைங்கல்லாம் வூட்டுக்காரர் காபித்தூள்தான் கேக்கறாங்க. கல்வராயன் மலைலேர்ந்து சந்தைக்கு வர்றவங்களும் அதையேதான் கேக்கறாங்க. சரக்கு பத்தல!"

எங்கள் பக்கத்தில் இவர் பெயர்கொண்ட ஆண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுடைய மனைவிமார்கள் அதுவரை பாக்கெட்டைக் கையால் காட்டித்தான் வாங்கினார்களாம். எனக்கு மட்டுமா நாக்கு ஒட்டியது! அன்று எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பாக்கெட்டிலேயே புதுப் பெயர் அச்சாகி வந்தது. சீரியல் இரண்டு வாரம் ஓடியது. எங்கள் இருவரையும் வைத்து எடுத்த விளம்பரமோ, சேனலை மூடும்வரை ஓடியது.

இப்போது என் மருமகள் என் மகனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். காபி கேட்கும்போது மட்டும், "அத்த, வூட்டுக்காரர நல்லா கொதிக்க வெச்சி ஆத்துங்க" என்பாள்.

ஹாலிலிருந்து உடனே இவர் பதில் வரும்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அதத்தாம்மா பண்ணிக்கினு இருக்கா!"