வரிசை குலையாத கடை

சாமான் வாங்க வந்தவரைச் சாமான் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதில் அடுக்கக்காவை மிஞ்சக்கூடிய கடைக்காரர் இந்த இலங்கைத் தீவிலேயே கிடையாது. கடலுக்கு அப்பால் இருக்கிறார் என்று யாராவது சொன்னாலும் நான் நேரில் பார்த்துத்தான் நம்புவேன்.

நெடுங்கேணியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு வளவு தள்ளி அவருடைய கடை. தகரக் கூரை, முன்பக்கம் முழுவதும் திறப்பு, பெயர்ப்பலகை இல்லை. அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். அது கிராம சேவையாளருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் அடுக்கக்கா. அப்போது முப்பது வயதிருக்கும். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த கையோடு, தானும் தாயும் சீவிக்கவென்று அந்தக் கடையைப் போட்டார்.

மற்றக் கடைகளில் குளிக்கும் சவுக்காரம் சவுக்காரத்தோடு இருக்கும், தேயிலை தேயிலையோடு இருக்கும். அடுக்கக்கா நிறம் பார்த்து அடுக்குவார். மேல்தட்டு சிவப்பு: மிளகாய்த்தூள், தகரத்தில் அடைத்த மீன் ரின், சர்பத்துப் போத்தல், தீப்பெட்டி. அதற்குக் கீழே செம்மஞ்சள், பிறகு மஞ்சள், பச்சை, நீலம். பிஸ்கட்டும் உடுப்புத் தோய்க்கும் தூளும் இரண்டும் மஞ்சள் என்ற ஒரே சொந்தத்தில் தோளோடு தோள் நிற்கும்.

"அக்கா, தேயிலை இருக்கோ?"

"என்ன நிறம்?"

"தேயிலை என்ன நிறமக்கா? கறுப்புத்தான்."

"பைக்கற்றைக் கேக்கிறன், பிள்ளை."

ஆறு மாதத்தில் ஊரே அவருடைய பாஷைக்கு மாறிவிட்டது. "பச்சைத் தட்டிலை இடப்பக்கம் மூண்டாவது, ஒண்டு வாங்கியா" என்று அம்மா என்னை அனுப்புவார். வாங்கியது என்னவென்று வீட்டுக்கு வந்துதான் எனக்கே தெரியும்.

வயலில் இருந்து முழங்கால் வரை சேற்றோடு வந்த ஒருவருக்கும் அவருக்கும் நடந்த கதையை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பிள்ளை, அந்த மீன் ரின்னைத் தா."

"அது தரேலாது, மாமா."

"ஏன், பழுதோ?"

"நல்ல ரின். ஆனா நட்டநடுவிலை நிக்குது. எடுத்தா பல்லு விழுந்த வாய் மாதிரி ஓட்டை தெரியும். நாளைக்கு லொறி வரும், வாங்கோ. தாறன்."

"நாளையான் கறியை நான் இண்டைக்கு என்னெண்டு தின்னுறது?"

அவர் திட்டிக்கொண்டே போனார். ஆனால் மறுநாள் வந்தார். அதுதான் அந்தக் கடையின் விசித்திரம். திட்டினவர்களும் வீதியில் போகும்போது தலையைத் திருப்பி ஒரு தடவை பார்க்காமல் போகமாட்டார்கள்.

ஒருமுறை ஏதோவொரு கொம்பனி தன் சவுக்காரத்தின் பச்சை உறையை நீலமாக்கிவிட்டது. அடுக்கக்கா செத்தவீட்டில் இருப்பவர்போல் கன்னத்தில் கைவைத்து இருந்தார். "என்னை ஒரு சொல்லுக் கேட்டவங்களோ?" மூன்று நாள் அந்தச் சவுக்காரம் பச்சையிலும் இல்லை, நீலத்திலும் இல்லை. மேசைக்குக் கீழே கிடந்தது. துக்கம் ஆறிய பிறகுதான் நீலத்தில் இடம் கிடைத்தது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவர் வீதிக்கு அந்தப்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணையும் பாதி மூடித் தன் கடையைப் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் நானும் ஒருநாள் பக்கத்தில் போய் நின்று அப்படியே செய்தேன். எழுத்தெல்லாம் கரைந்துபோனது. பிஸ்கட் இல்லை, சவுக்காரம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே நிறங்கள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. அவர் பாட்டுக்குக் கடைக்குள் போய் ஒரு தீப்பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். எனக்கு மட்டும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

அன்று பிடித்த விசர்தான். கொப்பிகளை நிறம் பார்த்து அடுக்கினேன், துணி காயப்போடுவதையும் நிறம் பார்த்தே செய்தேன். "உடுப்புக் காயப்போடச் சொன்னா கண்காட்சி வைக்கிறாள்" என்று அம்மா அயலுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்த நேரத்தில்தான் வீதிக்கு எதிர்ப்புறம் ஒரு புதுக்கடை வந்தது. வாசலில் பெரிய குளிர்ப்பெட்டி. மேலே சோடாக் கொம்பனி இலவசமாகக் கொடுத்த பலகை. கொம்பனியின் பெயர் யானையளவு, கடைக்காரரின் பெயர் மூலையில் எறும்பளவு. பஸ்ஸால் இறங்குகிற சனம் நேரே அங்கேதான் போனது.

அந்தக் கொம்பனி ஆள் மோட்டார் சைக்கிளில் அடுக்கக்காவிடமும் வந்தார்.

"உங்களுக்கும் ஒரு பெட்டி தாறம், அக்கா. பலகையும் சேர்த்து."

"எங்கை வைக்கிறது?"

"முன்னாலை, வாசலிலை."

"அப்ப கடை?"

"கடை பின்னாலை இருக்கும்தானே."

"தம்பி, நீர் பெட்டி தர வரேல்லை. என்ரை கடையை மறைக்க வந்திருக்கிறீர்."

அடுக்கக்காவின் தாய் அழுதார். "வடிவைக் காய்ச்சிக் குடிக்கப் போறாளாமோ?" என்று அம்மாகூடக் கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. கடைக்கு ஆட்கள் வருவது குறைந்துகொண்டே போனது. வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரை பார்ப்பது, பிறகும் இப்படித்தான் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வவுனியாவில் தையல் வேலைக்குப் போவது என்று அடுக்கக்கா முடிவெடுத்திருந்தார். அதைச் சொல்லும்போதும் அவர் கை மஞ்சள் பைக்கற்றுகளை நேராக்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பொங்கலும் வந்தது. வீதி நெடுகச் சனம். அடியார்களுக்கு இலவசமாக மோரும் சர்பத்தும் கொடுக்கத் தாகசாந்திப் பந்தல்கள் போட்டிருப்பார்கள். உச்சி வெயிலில் இழுவைப் பெட்டி நிறையச் சனத்தோடு வந்த ஒரு ட்ரக்டர், எதிர்க்கடையைக் கடந்து வந்து, அடுக்கக்காவின் கடைக்கு முன்னால் நின்றது. பெண்களும் பிள்ளைகளும் இறங்கி ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். சிலர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

"தாயே, மோரோ, சர்பத்தோ?" என்று முன்னால் நின்ற பெரியவர் கேட்டார்.

அடுக்கக்கா முழித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு விளங்கிவிட்டது. "அக்கா, உங்கடை கடையைத் தாகசாந்தி எண்டு நினைச்சிட்டினம்" என்று காதுக்குள் சொன்னேன்.

இது கடை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு சின்னப் பிள்ளை வெறும் தகரப் பேணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றது. அடுக்கக்கா திரும்பிச் சிவப்புத் தட்டைப் பார்த்தார். நட்டநடுவில் ஐந்து சர்பத்துப் போத்தல். அவர் கையை நீட்டி, முதலில் நடுப் போத்தலைத்தான் எடுத்தார். பிறகு மற்ற நான்கையும். பச்சைத் தட்டிலிருந்து தேசிக்காய். கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர்.

எல்லாரும் குடித்து முடிந்த பிறகுதான் ட்ரக்டர் ஓட்டி வந்தவர் தராசைக் கண்டார்.

"அக்கா, இது கடையோ?"

"ஓம்."

"ஐயோ, சொல்லியிருக்கலாமே!"

"தண்ணி விடாய்ச்சு வந்தவைக்கு என்னெண்டு சொல்லுறது?"

"பலகை ஒண்டும் காணேல்லை. தூரத்திலை பாக்கேக்கை சோடிச்ச பந்தல் மாதிரி அவ்வளவு வடிவா இருந்திது. என்னையறியாமல் பிறேக்கைப் பிடிச்சிட்டன்."

வெட்கப்பட்ட சனம் திரும்பவும் வரிசையில் நின்றது, இம்முறை வாங்குவதற்கு. கற்பூரம், பிஸ்கட், தீப்பெட்டி. எந்தத் தட்டில் எந்த ஓட்டை விழுகிறது என்று அடுக்கக்கா பார்க்கவேயில்லை. கோயிலால் திரும்பும்போதும் அந்த ட்ரக்டர் நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. அவர் தையல் வேலைக்குப் போகவில்லை.

நான் இன்று வவுனியாவில் அழைப்பிதழும் பதாகையும் வடிவமைக்கிறேன். கணினியை நானாகத் தட்டித்தட்டிப் பழகினேன். ஆனால் ஒரு எழுத்தும் இல்லாமல் ஒரு ட்ரக்டரை நிறுத்தலாம் என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். "இந்த இடம் சும்மாதானே கிடக்குது, ஒரு படத்தைப் போடுங்கோவன்" என்று ஆட்கள் கேட்கும்போது நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பேன். கண்ணில் தூசியோ என்று விசாரிப்பார்கள்.

போன மாதம் ஊருக்குப் போனேன். அடுக்கக்காவின் கடையில் இப்போது குளிர்ப்பெட்டி இருக்கிறது, பின்பக்கம், வெள்ளைச் சாமான்களோடு. நான் ஒரு சவுக்காரம் கேட்டேன். ஓரத்தில் இருந்து தருவார் என்று நினைத்தேன். அவர் கை நேரே நட்டநடுவுக்குப் போனது.

"அக்கா, ஓட்டை விழுமே?"

"விழட்டும். நீ வந்து போனது கொஞ்ச நாளைக்குத் தெரியட்டும்."