கிணற்றடியில் ஒரு பன்னாட்டு விதி

எங்கள் அருப்புக்கோட்டைச் சீமையில் 'கடலை' என்ற சொல்லைக் கேட்டால் எவரும் நிலக்கடலை என்றே பொருள்கொள்வர். அதனை இரண்டாம் வேற்றுமை உருபேற்ற கடலாகக் கொண்ட மனிதர் இவ்வையகத்தில் ஒருவரே இருந்தார். "கடலை நம்பித்தான் பொழைப்பு" என்று அவர் சொல்லும்போதெல்லாம், கேட்டவர்கள் பரிவோடு அவ்வாண்டு விளைச்சலை உசாவினார்கள்.

ஊரார்க்கு அவர் கப்பலார். திருச்சுழிக்கு அருகே சிற்றூர் ஒன்றில் நான் தமிழாசிரியனாக இருந்த எண்பது, தொண்ணூறுகளில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். சரக்குக் கப்பலின் எந்திர அறையில் எண்ணெயிடும் பணி. ஆண்டின் பெரும்பகுதி கடலில் கழியும்; எஞ்சிய திங்கள்களில் ஊருக்கு வருவார். ஆனால் ஊருக்கு வந்தாரேயன்றிக் கப்பலைவிட்டு இறங்கினாரில்லை. கப்பலில் சமையலறைக்குக் 'கேலி' என்று பெயராம். தம் வீட்டு அடுக்களையையும் அவ்வாறே அழைத்தார். அவர் மனைவி ஞானம்மாள் அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டார்.

உலக நாடுகள் ஓரிடத்தில் கூடிக் கப்பல் பணியாளர் எவ்வளவு உழைக்கலாம், எவ்வளவு உறங்க வேண்டும், என்னென்ன பயின்றிருக்க வேண்டும் என்றெல்லாம் வரையறுத்திருக்கின்றன. அவ்வரையறைகளைக் கப்பலார் மறைநூல்போல் ஓதுவார். "ரூலு, ரூலு" என்று அவர் முழங்கக் கேட்டு, "விதி என்று தமிழிலேயே சொல்லலாமே" என்றேன் ஒருநாள். அளவெடுத்துக் கட்டிய பல்செட்டைப்போல் அச்சொல் அவர் வாயில் பொருந்திவிட்டது. அன்றுமுதல் அவருக்கு எல்லாமே விதி.

நண்பகலில் அவர் குறட்டையை எவரேனும் கலைத்துவிட்டால் போதும். "ஒறங்குறது விதிப்பா! அம்புட்டு நாட்டுக்காரனும் கையெழுத்துப் போட்டிருக்கான்!" என்று கட்டிலிலிருந்தே கூவுவார். ஞானம்மாள் ஒருநாள் அமைதியாகக் கேட்டார்: "ஏங்க, அந்த விதி பொம்பளையாளுக்கும் உண்டா?"

"யாரா இருந்தாலும் உண்டு."

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்று பாயை விரித்தவர், அந்தி சாயும்வரை எழுந்தாரில்லை. கப்பலார் தாமே சோறு வடித்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். நான் அதைக் கஞ்சி என்று கருதிக் குடித்துவிட்டேன்.

பேருந்தில் ஏறினாலும் அவரால் வாளா இருத்தல் இயலாது. அருப்புக்கோட்டையிலிருந்து திரும்புகையில், ஆபத்து நேர்ந்தால் பயணிகள் எங்கே கூட வேண்டும், மிதக்கும் கருவிகள் எங்கே உள்ளன என்று நடத்துநரை வினவினார். வெளியே கருவேல முள்ளும் வெடித்த கரிசலும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கிடந்தன. நடத்துநர் சீட்டைக் கிழித்து நீட்டியபடியே, "அண்ணாச்சி, இந்த ரோட்டுல பஸ்ஸு முங்கணும்னா தண்ணிய நீங்கதான் லோடு அடிக்கணும்" என்றார். கப்பலார் தளரவில்லை. நேரே ஓட்டுநரிடம் சென்று, இரவு எவ்வளவு நேரம் உறங்கினார் என்று கேட்டார். அதற்கு ஓட்டுநர் சினந்துகொள்ளவில்லை. "இத்தன வருசத்துல இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல, அண்ணாச்சி" என்று நெகிழ்ந்து, நிறுத்தமே இல்லாத எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார்.

இவ்வாறு விதியைக் கொண்டாடிவந்தவரை விதியே ஒருநாள் பிடித்துக்கொண்டது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்தப் பன்னாட்டு வரையறைகள் திருத்தப்பட்டன. எந்திர அறையில் எண்ணெயிடுபவராயினும் சரி, உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சியில் தேறியாக வேண்டும், உயரமான மேடையிலிருந்து நீரில் குதித்துக் காட்ட வேண்டும், நீந்தவும் வேண்டும். சான்றிதழ் இல்லையேல் கப்பலில் இடமில்லை. பம்பாய் முகவர் தொலைபேசியில் இதைச் சொன்னதும், எஸ்.டி.டி. பூத்திலிருந்து வெளிறிய முகத்தோடு வந்தார் கப்பலார்.

"ஒறங்கச் சொன்னான், சரின்னேன். குதிக்கச் சொல்லுறானே, ஐயா!"

"குதிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, மனைவியன்றி எவரும் அறியாத மறைபொருளைக் காதில் உரைத்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்ததே குறைவாம். எந்திர அறைக்குச் சாளரமில்லை. உலகைப் பலமுறை வலம்வந்தும் அவர் கண்டதெல்லாம் குழாயும் புகையும்தாம். "நமக்கு வேற தொழிலு தெரியாதுங்கய்யா. கப்பலு போச்சுன்னா நான் போயாச்சு" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதம். முந்திய மழை பொய்க்காததால் எங்கள் ஊர் உழவர் முத்துக்கருப்பன் தோட்டத்துக் கிணறு நிறைந்து கிடந்தது. தூத்துக்குடிக்குப் பயிற்சிக்குப் போகுமுன் அதில் குதித்துப் பழகிவிட முடிவு செய்தார். யூரியாச் சாக்கினுள் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தெர்மாகோலைத் திணித்து, ஞானம்மாள் அவருக்கு மிதவை உடை ஒன்று தைத்துக் கொடுத்தார். அதன் மார்பில் 'நிகர எடை ஐம்பது கிலோ' என்ற எழுத்துகள் அழியாதிருந்தன. உள்ளிருந்தவரின் எடை அதைப்போல் இருமடங்குக்குக் குறையாது.

போகிற வழியில் தேநீர்க்கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, கோலமெல்லாம் ஒரு தினுசா இருக்கு. எங்கிட்டுப் போறீக?" என்று கேட்டார்.

"முத்துக்கருப்பன் கெணத்துல விழப் போறேன்" என்றார் கப்பலார். பிறகு கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி அவர் கையில் வைத்து, "ஞானத்துக்கிட்டக் குடுத்துருப்பா" என்று சொல்லி நடந்தார்.

கிணற்றில் விழுதல் என்ற தொடருக்கு எங்கள் பக்கத்தில் ஒரே பொருள்தான். கப்பல் வேலை சிக்கலில் இருப்பதும் ஊரறிந்த செய்தி. தேநீர்க்கடைக்காரர் கொதிக்கும் பாலை அப்படியே விட்டுவிட்டுக் கூவிக்கொண்டு ஓடினார். ஊரே தோட்டத்துக்குத் திரண்டது. கூச்சல் கேட்டு நானும் வேட்டியை மடித்துக்கட்டி விரைந்தேன்.

கப்பலார் கிணற்றின் விளிம்பில் நின்றிருந்தார். ஒரு கை மூக்கைப் பொத்தியிருந்தது. மறுகை மார்பைப் பற்றியிருந்தது. விழிகள் தொடுவானத்தில் நிலைகுத்தியிருந்தன. குதிப்பவர் கீழே நோக்கலாகாது என்பது வரையறை. கூட்டத்துக்கோ அது இறுதி வழிபாடாகத் தோன்றிற்று. முத்துக்கருப்பன் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி! வேண்டாம்! எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம்!"

"விடுப்பா! நான் குதிச்சே ஆகணும்! விதி!"

"விதியாவது மண்ணாவது! அதையெல்லாம் நம்பாதீக!"

"நம்பாம? உலகம் பூராவும் ஒரே விதிதாம்ப்பா! யாரும் தப்பிக்க முடியாது!"

இத்தத்துவத்தைக் கேட்ட பெண்டிர் விம்மி அழத் தொடங்கினர். நான் முன்னே சென்று, "அவர் குறிப்பது ஊழ் அன்று, ஒழுங்குமுறை!" என்று உரக்க விளக்கினேன். ஐயாவும் ஏதோ ஒப்பாரி சொல்கிறார் என்று கருதிய கூட்டம் மேலும் அழுதது.

அப்போது ஞானம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அடக் கூறுகெட்ட ஆளுகளா! அவுக பரிச்சைக்குப் படிக்கிறாக! விடுங்க அவுகள! நீச்சல் பழகப் போறாக!"

அழுகை நின்றது. பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது: "கப்பக்காரவுகளுக்கு நீச்சல் தெரியாதா?"

மறைபொருள் ஊர்ப்பொருளாயிற்று. கப்பலார் முத்துக்கருப்பன் பிடியில் இருந்தவாறே நிமிர்ந்தார். "கப்பலு முங்காமப் பாத்துக்கிறதுதாம்ப்பா என் வேலை. முங்குனா என்ன செய்வேன்னு இதுவரைக்கும் ஒரு பய கேட்டதில்ல."

சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. ஆனால் அச்சிரிப்புக்குப் பிறகு எவரும் வீடு திரும்பவில்லை. பம்புசெட்டுக் கயிறு அவர் இடுப்பில் ஏறியது. முத்துக்கருப்பன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "ம், இப்ப விழுங்க அண்ணாச்சி, நான் இருக்கேன்" என்றார். கப்பலார் விழுந்தார். தெறித்த நீரில் நாங்கள் யாவரும் நனைந்தோம். நிகர எடை ஐம்பது கிலோ ஆடியசைந்து மேலே மிதந்து வந்தது. அன்று தொடங்கிய பயிற்சி நாள்தோறும் நடந்தது. கால் அடிப்பதெப்படி என்று காட்ட ஆளுக்கொருவர் கிணற்றில் இறங்கினர். அறிவுரை கூறியவர்களில் பாதிப்பேருக்கு நீச்சல் தெரியாது என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது.

மாசியில் தூத்துக்குடிக்குப் புறப்பட்டார். தேர்வு நாளன்று எஸ்.டி.டி. பூத்தைச் சுற்றி அத்தனைபேர் நின்றார்கள். தேர்தல் முடிவுக்குக்கூட அப்படி நின்றதில்லை. தொலைபேசி ஒலித்ததும் ஞானம்மாள் எடுத்தார், கேட்டார், தொலைபேசியை என்னிடம் நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தேறிட்டேங்கய்யா!" என்றது அக்குரல். "மேடையில ஏறி நின்னேன். கொஞ்ச நேரம் பாத்தேன். இடுப்பப் பிடிக்க ஒருத்தரும் வரல. சரின்னு குதிச்சுட்டேன்."

நான் செய்தியைச் சொன்னேன். தேநீர்க்கடைக்காரர் அன்று எவரிடமும் காசு வாங்கவில்லை. பங்குனியில் கப்பலார் கப்பலேறினார்.

அவ்வாண்டு ஐப்பசியில் வங்கக் கடலில் புயல் உருவாகியிருப்பதாக வானொலி அறிவித்தது. எங்கள் மானாவாரிச் சீமைக்குப் புயல் என்றால் மழை. மழை என்றால் விளைச்சல். ஊர் மகிழ்ந்தது. முத்துக்கருப்பன் மட்டும் மகிழாமல் என் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, அண்ணாச்சி கப்பலு இப்ப எந்தக் கடல்ல நிக்கிது?"

"செங்கடல் பக்கம். இங்கிருந்து வெகு தொலைவு" என்றேன்.

அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்பச் சரி, பேயட்டும்" என்றார்.