பீங்கானில் ஒரு யானைத் தோட்டா

நான் இன்றுவரை துப்பாக்கியால் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. யானையைக் கோயில் வாசலில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அது தும்பிக்கையை என் தலையில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். காட்டெருமையைப் பார்த்ததே இல்லை. இருந்தும் என் முப்பதாவது வயதில், பாய்ந்து வரும் யானையை எந்தத் தோட்டாவால், எந்த இடத்தில் அடித்து நிறுத்த வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. விருத்தாசலத்தில் அதற்கான தேவை எழவில்லை.

அப்போது பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய யூனிட்டில் அச்சுப் பிரிவை மேற்பார்க்கும் வேலையில் இருந்தேன். மின்சாரப் பெட்டிகளுக்கான ஃபியூஸ் கட்டைகள் செய்தோம். ஒருநாள் மாலை பிரவுசிங் சென்டரில் ஏதோ ஒரு ஃபியூஸின் அளவுப்படத்தைத் தேடப்போக, எப்படியோ ஒரு வேட்டைத் தோட்டாவின் அளவுப்படம் திரையில் வந்து நின்றது. அதன் ஒழுங்கு என்னை மயக்கிவிட்டது. கழுத்துக்கு ஓர் அளவு, தோளுக்கு ஓர் அளவு, அடிவிளிம்புக்கு ஓர் அளவு, எல்லாம் முடியிழையும் பிசகாமல் குறிக்கப்பட்டிருந்தன. எங்கள் ஃபியூஸ் கட்டைகள்கூட அவ்வளவு கவனத்தோடு வரையப்பட்டவை அல்ல.

அதன்பிறகு தினமும் போனேன். மென்முனைக் குண்டு உடம்புக்குள் போனதும் காளான் மாதிரி விரியும், புலிக்கு அது போதும். யானைக்கும் காட்டெருமைக்கும் கெட்டிக் குண்டு வேண்டும். அது விரியக்கூடாது, வளையக்கூடாது, உடையக்கூடாது. எலும்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போய்ச் சேர வேண்டும். இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, அளவு வாரியாக அடுக்கி, கோப்பில் போட்டு வைத்தேன். (பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.)

இந்த நிலையில்தான் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண்ணின் பெயர் வாணி. அவளுடைய அப்பா விவசாயி, பேச்சு குறைவு. என்னைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை என்பது அவர் என்னைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பீங்கான் செய்கிறவன் என்றதும் தலையை ஆட்டிவிட்டுக் கேசரித் தட்டை நகர்த்தினார். என்ன பேசுவதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு துப்பாக்கி தொங்கியது. சாதாரண நாட்டுத் துப்பாக்கி அல்ல. தடித்த குழாய், தோட்டா அறையை மூடும் நீண்ட போல்ட்டு. வாணியின் தாத்தா ஆனைமலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்தவராம். ஊரைவிட்டுப் போகும்போது வெள்ளைக்காரத் துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. முறையான லைசென்ஸ் இருந்தது. தோட்டாக்கள் தீர்ந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது.

"இதுல யானைய அடிக்கலாம்னு எங்கப்பா சொல்லுவாரு, தம்பி" என்றார் வாணியின் அப்பா.

நான் எழுந்து போய்க் குழாயில் பொறித்திருந்ததைப் படித்தேன். த்ரீ செவன்ட்டி ஃபைவ் மேக்னம். என் கோப்பில் முதல் பக்கத்தில் இருப்பது.

அதன்பின் நான் பேசியதை இங்கே முழுதாக எழுதுவது முறையல்ல. அடிவிளிம்பில் பட்டை எதற்கு என்பதில் தொடங்கி, காட்டெருமையின் தோள்பட்டை எலும்பு வரை போனேன். என் அம்மா இரண்டு முறை இருமினார். கதவோரம் நின்றிருந்த வாணி கடைசியில் தன் அம்மாவிடம், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "கேசரி ஆறிப்போச்சு. யானைய அப்புறமா சாவடிக்கலாம், மொதல்ல சாப்புடச் சொல்லும்மா."

ஆனால் அவள் அப்பாவின் முகம் மாறியிருந்தது. "அம்பது வருசமா வூட்ல தொங்குது. இத பத்தி ஒரு ஆளு பேசி இப்பதான் கேக்கறேன், மாப்ள" என்றார்.

தம்பி மாப்பிள்ளையாகிவிட்டான். ஐப்பசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அந்த வீட்டில் அரிவாள், மண்வெட்டி, பம்புசெட் ஸ்பேனர் எல்லாவற்றோடும் துப்பாக்கிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். தோட்டா இல்லாமல் வெறும் துப்பாக்கியை வைப்பது வெற்றிலை இல்லாத தாம்பாளம் மாதிரி இருப்பதாக வாணியின் அப்பா, இப்போது எனக்கு மாமா, ஒருநாள் வருத்தப்பட்டார். நான் உடனே, பூஜைக்கு வைக்கப் பீங்கானில் தோட்டா செய்து தருகிறேன், அசல் அளவில், அசல் நிறத்தில் என்று வாக்குக் கொடுத்தேன்.

பச்சைப் பீங்கான் சூளையில் வெந்ததும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு அச்சை அதற்குத் தகுந்தாற்போல் பெரிதாக்குவது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதைப் பிழையில்லாமல் செய்தேன். மாதிரிக்கு ஒன்றை மட்டும் சுட்டு எடுத்து, வெர்னியர் அளவுகோலில் அளந்து, அளவுப்படத்தோடு ஒப்பிட்டேன். கச்சிதமாக இருந்தது. அதன்பிறகு மற்றவற்றுக்கு மெருகு பூசினேன். தோட்டாவின் கூட்டுக்குப் பித்தளை மஞ்சள், குண்டுக்குச் செம்பு நிறம். சூளையிலிருந்து வந்தவற்றைப் பார்த்து எங்கள் முதலாளியே கையில் எடுக்கத் தயங்கினார்.

மெருகுக்கும் ஒரு தடிமன் உண்டு. ஒரு தாள் அளவுதான். ஃபியூஸ் கட்டையில் அது ஒரு பொருட்டே இல்லை. துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையில் அந்தத் தாள் அளவுக்கு இடமில்லை. மெருகு பூசியபின் நான் அளக்கவில்லை. (எதையும் இரண்டு முறை அளப்பவன் நான். அந்த ஒன்றைத் தவிர.)

பூஜைக்கு முந்தைய வாரம் கொண்டுபோய்த் தாம்பாளத்தில் வரிசையாக அடுக்கினேன். மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சும்மா பார்த்ததோடு விட்டிருப்பார். "உள்ள போட்டுப் பாருங்க மாமா, அளவெடுத்த சட்ட மாதிரி உக்காரும்" என்று சொன்னது நான்தான்.

அவர் போட்டார். போல்ட்டைத் தள்ளினார். பாதியில் நின்றது.

"இறுக்கமா இருக்குதே, மாப்ள."

"இறுக்கமாதான் இருக்கணும் மாமா" என்றேன்.

அவர் உழவர். கையில் பலம் இருந்தது. போல்ட்டு முழுதாக மூடிக்கொண்டது. திறக்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம். தோட்டாவின் அடிவிளிம்பு மட்டும் உடைந்து, மஞ்சள் பில்லையாக வெளியே வந்து விழுந்தது. மற்றது உள்ளேயே இருந்தது.

மாமா அந்தப் பில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "என்னா தம்பி இது?"

மறுபடியும் தம்பி ஆகிவிட்டேன் என்பதை நான் கவனித்தேன். வாணியும் கவனித்தாள்.

துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, குழாயின் வாய்வழியாகக் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடிக்கலாம் என்றேன். மாமா துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருடைய அப்பா அதில் ஒரு கீறல்கூட விழவிடாமல் வைத்திருந்தாராம். அன்று மாலையே தலையாரி வந்தார். உள்ளாட்சித் தேர்தல் வருவதால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் மறுநாளுக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாமா டி.வி.எஸ். ஐம்பதை ஓட்ட, நான் பின்னால் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி, குழந்தையைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒப்படைக்கும் துப்பாக்கியைத் திறந்து காட்ட வேண்டும் என்பது விதி. எஸ்.ஐ. குனிந்து பார்த்தார். அறைக்குள் மஞ்சளாக ஒன்று பளபளத்தது. நிமிர்ந்து இரண்டடி பின்னால் போனார். பக்கத்தில் நின்ற ஏட்டு அவரைவிட அதிகமாகப் பின்னால் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"உள்ள தோட்டா இருக்குது."

"அது தோட்டா இல்லீங்க சார், பீங்கான்" என்றேன்.

"எது பீங்கான்?"

"தோட்டாதான் சார்."

எஸ்.ஐ. நிதானமானவர். தோட்டா போட்ட துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்குள் வந்தால் கலெக்டருக்கு எழுதி லைசென்ஸை ரத்து செய்யலாம் என்பதை மாமாவுக்கு அமைதியாக விளக்கினார். நிலைமையைச் சீராக்க எண்ணி, அசல் கெட்டிக் குண்டுக்கும் நான் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை எஸ்.ஐ.க்கு எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். யானையின் மண்டை ஓடு வரை வந்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"யாரு இவரு?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "தெரிஞ்ச பையன்தாங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் தன் கண் முன்னால் அதை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுதிவிடுவேன் என்று எஸ்.ஐ. முடித்தார். மாமா எதிரே இருந்த டீக்கடைக் காயின் போனில் வீட்டுக்குச் சொல்லப் போனார். நான் அருகில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ரிசீவரை என்னிடம் நீட்டினார். வாணி முதன்முதலாக என்னோடு தனியாகப் பேசியது அப்போதுதான்.

"எவர்சில்வர் டம்ளருக்குள்ள இன்னொன்னு சிக்கிக்கிச்சுன்னா என்னா செய்வீங்க?" என்று கேட்டாள்.

"தட்டி எடுப்பேன்."

"அதான் ஸ்டேஷன்ல நிக்கறீங்க. வெளி டம்ளருக்கு மட்டும் சுடுதண்ணி ஊத்தணும்."

சூடு பட்டால் இரும்பு விரியும் அளவுக்குப் பீங்கான் விரியாது. சூளைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். ரிசீவரை வைத்துவிட்டு டீ மாஸ்டரிடம் கொதிக்கும் வெந்நீர் ஒரு கெட்டில் கேட்டேன்.

எஸ்.ஐ. சம்மதித்தார், ஆனால் எல்லோரையும் சுவருக்கு அப்பால் போகச் சொன்னார். போல்ட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்தான், வெடிக்க வழியில்லை என்று சொன்னேன். அன்று நான் சொன்ன எதையும் யாரும் நம்புவதாக இல்லை. வெந்நீர் ஊற்ற ஓர் ஆள், குழாயின் வாய்க்கு எதிரே நின்று கம்பியால் தட்ட ஓர் ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். எதிரே நிற்பவன் நான்தான். இன்னொருவர் யார் என்று எஸ்.ஐ. கேட்டார்.

மாமா சுவருக்குப் பின்னாலிருந்து வந்தார். துப்பாக்கிக் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கெட்டிலை வாங்கினார். "தட்டுங்க. பார்த்துத் தட்டுங்க, கீறிடப் போவுது" என்றார்.

வெந்நீர் ஊற்றினார். ஆவி எழுந்தது. கம்பியை மெல்லத் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. மீண்டும் ஊற்றினார். மீண்டும் தட்டினேன். கம்பி சட்டென்று விரலளவு உள்ளே போயிற்று. மஞ்சளாக ஒன்று பின்பக்கம் நழுவி, சிமெண்டுத் தரையில் 'டங்' என்று விழுந்து, உருண்டு, தூணருகே போய் நின்றது.

ஏட்டு அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார். "கீழ விழுந்தும் ஒடயல சார். நல்ல சாமான்" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

எஸ்.ஐ. ரசீது எழுத உட்கார்ந்தார். உடன் வந்தவர் பெயரைக் கேட்டார், சொன்னேன். என்ன உறவு என்று மாமாவைக் கேட்டார். மாமா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அதை முழுதாகத் துடைத்து முடித்தார்.

"மாப்ளன்னு எழுதிக்கங்க" என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையில் துப்பாக்கி இல்லை, அது ஸ்டேஷனில் இருந்தது. தோட்டாக்கள் மட்டும் தாம்பாளத்தில் இருந்தன. தேர்தல் முடிந்து துப்பாக்கி கீறலில்லாமல் திரும்பி வந்தது. அப்போது முதல் பூஜையில் துப்பாக்கியை ஒரு கோடியிலும் தோட்டாக்களை மறுகோடியிலும் வைத்து, நடுவில் மண்வெட்டியைக் குறுக்கே போடுவது அந்த வீட்டு வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் காரணம் கேட்டால் மாமா என்னைக் காட்டுவார், நான் வெளியே போய்விடுவேன்.

கோப்பை அடுத்த வாரமே பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். கெட்டிக் குண்டைப் பற்றிப் படித்ததில் ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது: விரியாமல், வளையாமல், உடையாமல் உள்ளே போய்ச் சேர வேண்டும். அந்த இலக்கணப்படி பார்த்தால் என் தோட்டாவில் அடிவிளிம்பைத் தவிர வேறு குறை இல்லை.

என் மனைவி இதை ஏற்பதில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் டம்ளருக்குள் டம்ளர் சிக்கினால் அவளே எடுக்கமாட்டாள். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "ஏங்க, யான வந்திருக்குது. வந்து மொகத்துக்கு நேரா நில்லுங்க, நான் தண்ணி ஊத்தறேன்."

நான் எழுந்து போய் நிற்கிறேன்.