நாற்பது கொண்டை ஊசி, இரண்டு எஞ்சின்

“இனிமேல் என்ர கிரைண்டர் ஒண்ணுகூட வாடகை வண்டியில ஏறாதுங்க” என்று மதன்குமார் சபதம் செய்தார்.

செய்த இடம், சிங்காநல்லூரில் அவருடைய பட்டறை வாசல். சாட்சி, பக்கத்துப் பம்புசெட் பட்டறைக்காரர் சுந்தரராஜுலு. வாடகை வண்டி டிரைவர் ஒருவர் பெருந்துறை போகிற வழியில் வேகத்தடை ஒன்றைக் கவனிக்காமல் தாண்டி, ஓட்டல்களுக்குப் போகிற பெரிய கிரைண்டர் மூன்றின் கால்களை முறித்துவிட்ட நாள் அது. சபதம் செய்ய ஏற்ற நாள்தான். ஆனால் மதன்குமாரின் பழைய பிக்கப் வண்டி அதற்கு முந்தின வாரம்தான் காயலான் கடைக்குப் போயிருந்தது. சபதத்தைக் காப்பாற்ற ஒரு புது வண்டி வேண்டும்.

“அப்ப வண்டி எப்பங்க வருது?” என்று சுந்தரராஜுலு கேட்டார்.

“பத்து நாள்லீங்க” என்றார் மதன்குமார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது.

எட்டு மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்தையில் அவர் கண்ணுக்குத் தகுதியாகப் பட்டவை இரண்டே டீசல் வண்டிகள். ஒன்று கொம்பன். பெரிய எஞ்சின், பழைய பாணி, அவசரப்படாது, குறைந்த வேகத்திலேயே பாரம் இழுக்கிற அடி இழுவை அதிகம். இன்னொன்று பீமா. எஞ்சின் சிறிது, ஆனால் டர்போ உண்டு. காகிதத்தில் பார்த்தால் குதிரை சக்தி கொம்பனைவிட இருபது கூடுதல். இவற்றில் எது பத்து வருஷம் பாரம் இழுத்தும் படுக்காமல் இருக்கும்? இதுதான் கேள்வி. இருநூறு பக்க நோட்டு ஒன்றை நட்டநடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கொம்பன், வலப்பக்கம் பீமா என்று எழுதினார். நோட்டு தீர்ந்தது. இன்னொன்று வாங்கினார்.

பதினோரு மெக்கானிக்குகளைக் கேட்டார். ஆறு பேர் கொம்பன் என்றார்கள். ஐந்து பேர் பீமா என்றார்கள். முடிவு கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தவருக்கு, ஆறாவது மெக்கானிக்கின் மச்சான் கொம்பன் கம்பெனியில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஓட்டைச் செல்லாததாக்கினார். ஐந்துக்கு ஐந்து.

“ஏனுங்க” என்றாள் மனைவி பிரவீனா, சோற்றைப் போட்டபடியே. “எதையாவது ஒண்ணை எடுத்துப்போடலாமில்லைங்க?”

“எதையாவது எடுக்கறதுக்கு இது என்ன தக்காளியா அம்மணி? கொம்பனுக்கு டைமிங் செயின், அறுந்துபோகாது. பீமாவுக்கு பெல்ட்.”

“சரிங்க, அப்ப கொம்பன்.”

“ஆனா பீமாவுக்கு மைலேஜ் எச்சு.”

“அப்ப பீமா.”

“பீமாவுல சென்சார் நெறைய. ஒரு சென்சார் போனா வண்டி நடுரோட்டுல நின்னுபோகும்.”

“இப்ப மட்டும் என்னங்க, நாமதான நடுரோட்டுல நிக்கறோம்.”

அது உண்மைதான். வண்டி இல்லாததால் வாடிக்கையாளர்களே வந்து கிரைண்டரை எடுத்துப் போனார்கள். வர முடியாதவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். வாடகை வண்டி என்று பிரவீனா இரண்டு தடவை வாய் திறந்தாள். இரண்டு தடவையும் மதன்குமார் சுவருக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். அந்தப் பக்கம் சுந்தரராஜுலு இருந்தார்.

இந்த நிலைமையில்தான் வால்பாறை ஆர்டர் வந்தது. ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் கேண்டீன்களுக்கு இருபது கிரைண்டர். பட்டறை தொடங்கிய நாள் முதல் இத்தனை பெரிய ஆர்டர் வந்ததில்லை. இருபதையும் செய்து முடித்துக் கிடங்கில் நிறுத்தியாகிவிட்டது. அனுப்பத்தான் வண்டி இல்லை. “வண்டி வருதுங்க” என்று மதன்குமார் எஸ்டேட்டுக்கு மூன்று முறை சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை மாலைக்குள் இருபதும் வந்து சேராவிட்டால் ஆர்டர் ரத்து.

அதை அவர் பிரவீனாவிடம் சொல்லவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அன்றிலிருந்து கிடங்குப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். இருபது கிரைண்டரும் வரிசையாக நின்று தன்னையே பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது.

புதன்கிழமை காலை பிரவீனா காபியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “நோட்டுல எழுதிப் பாத்தா எஞ்சினோட குணம் தெரியுமுங்களா? ஏத்தத்துல, லோடோட ஓட்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்.”

மதன்குமார் நிமிர்ந்தார். எட்டு மாதத்தில் இப்படி ஒரு விஞ்ஞானபூர்வமான பேச்சை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

“ஆனா டீலருக ஒத்துக்கமாட்டாங்களே அம்மணி. அவினாசி ரோட்டுல பாலம் வரைக்கும் ஓட்டிக் காட்டுவாங்க. அவ்வளவுதான்.”

“நான் பேசிட்டேனுங்க. ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. சனிக்கிழமை காலையில வாராங்க. ஆழியாறு தாண்டி வால்பாறை வரைக்கும். நாப்பது கொண்டை ஊசி வளைவு.”

வால்பாறை என்றதும் மதன்குமாருக்குக் காபி புரையேறியது.

“சனிக்கிழமையா? வால்பாறைக்கா?”

“ஏனுங்க, அன்னிக்கு உங்களுக்கு வேற சோலி இருக்குதுங்களா?”

“இல்லையே” என்றார் மதன்குமார் வேகமாக. “எனக்கென்ன சோலி.”

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் செய்தியைக் காட்ட வேண்டும். ஆகவே அவர் சோதனைக்கான விதிகளை எழுதினார். இரண்டு வண்டியிலும் சரியாக ஒரே எடை, ஆயிரத்து முந்நூறு கிலோ. பட்டறைக்குப் பின்னால் கிடக்கிற தேய்ந்த கல்லையும் மணல் மூட்டையையும் ஏற்றுவது. முதல் இருபது வளைவுக்கு அவர் கொம்பனில் உட்காருவது, அடுத்த இருபதுக்குப் பீமாவில். வளைவுக்கு வளைவு குறிப்பு எடுப்பது.

“லோடு ஏத்தறதை நான் பாத்துக்கறேனுங்க” என்றாள் பிரவீனா. “நீங்க நோட்டைப் பாருங்க.”

சனிக்கிழமை விடியும்போதே ரைஹான் கொம்பனோடும் தீபக் பீமாவோடும் வந்துவிட்டார்கள். இருவரும் விற்பனைப் பிரதிநிதிகள். இருவருக்கும் முப்பது வயதுக்குள். ஒருவர் வண்டியை ஒருவர் புன்னகையோடு பார்த்துக்கொண்டார்கள், சம்பந்தி வீட்டுச் சமையலைப் பார்ப்பதுபோல. மதன்குமார் குளித்துச் சாமி கும்பிட்டு வருவதற்குள் லோடு ஏறி, தார்ப்பாய் மூடி, கயிறும் கட்டியாகிவிட்டது. நேராக எடைமேடைக்குப் போனார்கள். இரண்டு சீட்டிலும் வண்டி எடை போக ஆயிரத்து முந்நூறு கிலோ. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மதன்குமார் அசந்துபோனார். “மணல் மூட்டையை எப்படி அம்மணி இத்தனை சரியா ஏத்துனே?”

“எண்ணி ஏத்துனேனுங்க.”

சீட்டு இரண்டையும் பத்திரமாக நோட்டில் ஒட்டிக்கொண்டார். எடைச்சீட்டை மூன்று முறை படித்த மனிதர் தார்ப்பாயை ஒரு முறை தூக்கிப் பார்த்திருக்கலாம்.

பொள்ளாச்சி தாண்டியது. ஆழியாறு சோதனைச் சாவடியில் காவலர் எட்டிப் பார்த்தார்.

“என்னங்க லோடு?”

“கல்லுங்க” என்றார் கொம்பனில் இருந்த மதன்குமார்.

“கல்லா? வால்பாறைக்குக் கல்லு எதுக்குங்க? அங்க இல்லாத கல்லா?”

மதன்குமார் இழுவை, டர்போ என்று ஆரம்பிப்பதற்குள் பின்னால் நின்ற பீமாவிலிருந்து பிரவீனா இறங்கி வந்து ஒரு காகிதத்தைக் காவலரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார். எடைச்சீட்டின் நகலையும் எடுத்துவைத்திருக்கிறாளே, என்ன முன்யோசனை என்று மதன்குமார் நினைத்துக்கொண்டார்.

மலை தொடங்கியது.

“ஒன்றாம் வளைவு: கொம்பன், இரண்டாம் கியர், முனகல் இல்லை” என்று எழுதினார். “இரண்டாம் வளைவு: அதே.” ஐந்தாம் வளைவில் ஒரு பேருந்து எதிரே வந்தது. ரைஹான் ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தி, அதே இடத்திலிருந்து எடுத்தான். கிளட்ச் வாடை வரவில்லை. டெம்பரேச்சர் முள் அசையவில்லை.

“எப்படீங்க அண்ணா?” என்றான் ரைஹான்.

“நல்லாத்தான் இருக்குது” என்றார் மதன்குமார். குரலில் உயிர் இல்லை.

ஒன்பதாம் வளைவில் கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர்போலத் தெரிந்தது. அங்கேதான் அவருக்கு உறைத்தது. எந்த ஊருக்குக் கிரைண்டர் போக வேண்டுமோ அந்த ஊருக்கு, எந்த நாள் போக வேண்டுமோ அந்த நாளில், இரண்டு வண்டி போகிறது. கிரைண்டர் சிங்காநல்லூரில் நிற்கிறது. மணலும் தேய்ந்த கல்லும் மலை ஏறுகின்றன. உலகத்தில் இப்படி ஒரு மடையன் உண்டா என்று யோசித்தார். நோட்டில் இடப்பக்கம் எழுதுவதா, வலப்பக்கம் எழுதுவதா என்று தெரியவில்லை.

இருபதாம் வளைவில் வண்டி மாறினார். பிரவீனா கொம்பனுக்குப் போனாள். பீமா நேர்ச்சாலையில் பறந்தது. வளைவுக்கு வளைவு தீபக் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. டர்போ விழிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டு, பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல வண்டி பாய்ந்தது. இருபத்து மூன்றாம் வளைவில் நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மதன்குமாருக்குத் தலை சுற்றியது. இருபத்தைந்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போனார். காலையில் சாப்பிட்ட நான்கு இட்லியும் மலைக்குக் காணிக்கை ஆயிற்று.

பிரவீனா தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். “எலுமிச்சம்பழம் தரட்டுங்களா? முகமே செத்துப்போச்சு. வண்டி ஒத்துக்கலைங்களா, வேற ஏதாச்சுங்களா?”

எலுமிச்சம்பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மதன்குமார் அங்கேயே சாலையோரக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கைபேசியையும் எடுத்துக் காட்டினார்.

“இன்னிக்குச் சாயந்திரத்தோட ஆர்டர் போச்சு அம்மணி. உன்ரகிட்டச் சொல்லப் பயந்துகிட்டு மறைச்சுப்போட்டேன்.”

அவள் செய்தியை நிதானமாகப் படித்தாள். திட்டவில்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“சரிங்க. இத்தனை தூரம் வந்தாச்சு. எஸ்டேட்டுல நேர்ல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போலாம். ஏறுங்க.”

மீதிப் பதினைந்து வளைவையும் மதன்குமார் எழுதவில்லை. மன்னிப்பு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

கேண்டீன் வாசலில் இரண்டு வண்டியும் நின்றபோது மதியம் பன்னிரண்டு. எஸ்டேட்டின் நல அலுவலர் நவ்யா வெளியே வந்தாள். சின்னப் பெண்தான். மதன்குமார் கை கூப்பினார்.

“அம்மா, மன்னிச்சுக்கணும். வண்டி விஷயமா...”

“எதுக்கு சார் மன்னிப்பு? சாயந்திரம் வரைக்கும் டைம் இருக்கே. நீங்க மத்தியானமே வந்துட்டீங்க” என்றாள் அவள். பிறகு உள்ளே திரும்பி, ஆட்களைக் கூப்பிட்டாள்.

ஆறு பேர் வந்து கயிற்றை அவிழ்த்தார்கள். தார்ப்பாய் விலகியது. கொம்பனில் பத்து, பீமாவில் பத்து. இருபது கிரைண்டரும் வரிசையாக நின்று மதன்குமாரைப் பார்த்தன.

அவர் வாய் திறந்தது. பிரவீனா பக்கம் திரும்பினார்.

“கல்லுதான ஏத்தச் சொன்னேன் அம்மணி?”

“கல்லுதானுங்க. சுத்தியும் டிரம்மு, மோட்டாரு, காலெல்லாம் இருக்குது.”

“அப்ப அந்த மெசேஜ்?”

“நீங்க பதில் போடலைன்னு அந்தப் புள்ள எனக்கு போன் பண்ணிக் கேட்டுதுங்க. செவ்வாய்க்கிழமையே.”

மதன்குமார் ரைஹானைப் பார்த்தார். ரைஹான் தேயிலைச் செடியைப் பார்த்தான். தீபக்கைப் பார்த்தார். தீபக் மேகத்தைப் பார்த்தான்.

“அக்கா எங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டாங்கண்ணா” என்றான் தீபக் கடைசியில். “எஸ்டேட்டுக்கு ரெண்டு பிக்கப் வாங்கற யோசனை இருக்குதாம். லோடோட மேல ஏறி வந்து காட்டுனா இவங்களும் பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்க.”

நவ்யா ஏற்கனவே பீமாவின் பானெட்டைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவமானப்படலாமா என்று மதன்குமார் யோசித்துப் பார்த்தார். முடியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டாயிரத்து அறுநூறு கிலோவை ஆறு பேர் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்று இறங்கும்போதும் மூச்சு ஒரு அங்குலம் கூடுதலாக உள்ளே போயிற்று. இருபதாவது இறங்கியபோது அவருக்கு அபாரமாகப் பசித்தது. ஒரு கால்கூட முறியவில்லை. வாடகை வண்டியிலும் ஏறவில்லை. சுந்தரராஜுலுவிடம் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டின் நடுவில், எட்டு மாதமாக வராத தெளிவு வந்தது. நோட்டைத் திறக்காமலே வந்தது. பீமாவும் நல்ல வண்டிதான், ஆனால் சமவெளியில் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு. ஏற்றத்தில் நிறுத்தி, நிறைபாரத்தோடு மறுபடி எடுக்கும்போது கிளட்சைத் தேய்க்காமல் கிளம்புகிறதே, அதுதான் கிரைண்டர் ஏற்றுகிறவனுக்கு வேண்டிய எஞ்சின். இத்தனை எளிய விஷயம்.

“அம்மணி” என்றார், தட்டைத் தள்ளிவைத்து எழுந்து, சபதம் செய்த அதே கம்பீரத்தோடு. “முடிவு பண்ணிட்டேன். கொம்பன்தான். திங்கக்கிழமையே புக் பண்ணிப்போடலாம்.”

பிரவீனா, நவ்யா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த புது ஆர்டரை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“அடுத்த மாசம் இங்க இருபது கிரைண்டர் வேணுமாம், அதுக்கடுத்த மாசம் இன்னொரு இருபது. மூணாவதா ஒரு கம்பெனிக்காரங்களும் வண்டியைக் கொண்டாந்து ஓட்டிக் காட்டறோம்னு கேட்டுட்டு இருக்காங்க. நீங்க ஒரு ரெண்டு மாசம் இன்னும் நல்லா ஒப்பிட்டுப் பாருங்க.”