கடலில் ஓடிய சைக்கிள்

"அப்பா, கடலுக்குள்ளால என்னெண்டு சைக்கிள் ஓடினனீங்கள்?"

கொழும்பிலிருந்து கௌசிகா தொலைபேசியில் கேட்ட இந்தக் கேள்வி, குலசிங்கத்தாரின் கையிலிருந்த இடியப்பத்தை வாய்க்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டது.

"கடலுக்குள்ளாலயோ?"

"ஓம். இஞ்ச என்ர போனில வரைபடம் தெரியுது. நிலாவெளிக் கரையில இருந்து நேரா உள்ளுக்குப் போய், அரைச் சந்திரன் மாதிரி வளைஞ்சு, திரும்பக் கரைக்கு வந்திருக்கிறீங்கள். சைக்கிள் மிதந்ததோ?"

குலசிங்கத்தார் நல்ல மனிதர். காலமெல்லாம் கதிரையில் இருந்தே அரச உத்தியோகம் பார்த்து, தொந்தியையும் சீனி வருத்தத்தையும் சேர்த்துக்கொண்டதைத் தவிர அவரிடம் பெரிய குறை கிடையாது. ஒரே மகள் கௌசிகாவுக்கு மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இடம் கிடைத்திருந்தது. அவளோ, "உங்கள் இரண்டு பேரின்ர உடம்பும் ஒழுங்கா இருந்தாத்தான் போவன். இல்லாட்டி இடத்தை விட்டிட்டு வீட்டை வந்திடுவன்," என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. பெற்றோர் இருவரின் கைபேசியிலும் போகும் வழியைக் காட்டிக்கொடுக்கும் செயலி ஒன்றைப் போட்டுவிட்டாள். அப்பாவுக்குச் சைக்கிள்: உப்புவெளியில் தொடங்கி, மணற்கரைகளைத் தொட்டுத் தொட்டு நிலாவெளி வரை போய், உள்வீதியால் வீடு திரும்பும் அழகான வட்டம். அம்மா அன்னலட்சுமிக்கு வீட்டைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் நடை. அம்மா நல்ல மாணவி. வழியில் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று கதைக்கிறாள் என்பது மட்டுமே அவள் மேல் மகளுக்கிருந்த முறைப்பாடு.

அப்பாவின் வட்டம் முதல் நாளே சந்தித் தேநீர்க் கடையில் முடிந்துபோயிற்று. முழங்கால் நொந்தது, பருப்பு வடை மணத்தது. அந்த நேரம் பார்த்து மீன் வியாபாரி அன்ஸார், பின்னால் பெட்டி கட்டிய சைக்கிளில், கரையில் நின்று இழுக்கும் கரைவலை மீன் எடுக்க நிலாவெளிக்குப் போய்க்கொண்டிருந்தான். போகும்போது கடற்கரைப் பாதை, வரும்போது உள்வீதி. மகள் கீறிய அதே வட்டம்! குலசிங்கத்தார் தம் கைபேசியை அவனிடம் கொடுத்தனுப்பினார். கைபேசி நாள்தோறும் உற்சாகமாகச் சைக்கிள் ஓடியது. அவர் வடை தின்றார்.

முன்னொரு காலத்தில் நண்டு ஒன்று, நடக்கச் சோம்பிப் பஞ்சிப்பட்டு, தன் கால்தடங்களை மட்டும் அலையிடம் கொடுத்து, "கரை முழுதும் பதித்துவிட்டு வா," என்று சொல்லிவிட்டு வளைக்குள் படுத்ததாம். அலை மறுக்கவில்லை. ஆனால் அலை, கரையோடு நிற்கும் பிராணியா?

அன்ஸாரும் அப்படித்தான். அன்றைக்கு வலை வளைக்கும் வள்ளத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டது. இடுப்பில் செருகிய கைபேசியோடு அவன் பாய்ந்து ஏறிவிட்டான். கைபேசியைத் திருப்பித் தரும்போது அவன் சொன்னது குலசிங்கத்தாருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அது... வள்ளத்தில ஆள் காணாதெண்டு கூப்பிட்டவங்கள், பிள்ளை. நான் ஏறிப் போனனான்," என்றார் குலசிங்கத்தார்.

குசினிக்குள்ளிருந்து அன்னலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"வள்ளத்திலயோ? நீங்களோ? கரைவலைக்குக் கை குடுத்த ஆளைப் பங்கு மீன் இல்லாமல் அனுப்பமாட்டினமே. எங்க மீன்?"

"மறந்துபோய் வந்திட்டன்."

"பங்கை மறந்துபோய் வந்த முதல் ஆள் நீங்கள்தான். நாளைக்கு வாங்கிக்கொண்டு வாங்கோ."

மறுநாள் அன்ஸாரிடம் ஒரு கோர்வை பாரை மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதோடு விஷயம் அடங்கிவிடும் என்று எண்ணினார். அன்னலட்சுமி குழம்பு வைத்து, பக்கத்து வீட்டுச் சுலோஜனாவுக்கும் ஒரு கோப்பை கொடுத்து, மகளுக்கும் செய்தி சொன்னாள்: "கொப்பர் இப்ப கரைவலை இழுக்கிறார், பிள்ளை!"

கௌசிகா துள்ளிக் குதித்தாள். "சனிக்கிழமை வாறன். அப்பாவோட அந்த வட்டம் முழுக்க ஓடி, அவர் வலை இழுக்கிறதை என்ர கண்ணால பாக்கவேணும். பாத்திட்டன் எண்டா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வாறன் எண்டு அண்டைக்கே எழுதிப்போடுவன்."

குலசிங்கத்தாருக்கு வடை கசந்தது. பொய் வெளித்தால் மகள் போகமாட்டாள். மெய்யாக ஓடினாலோ, பாதி வழியில் விழுந்துவிடுவார், அப்போதும் போகமாட்டாள்.

இதற்குள் வேறொரு தொல்லை. கைபேசியில் மீன் வாடை ஏறியிருந்தது. நாள்தோறும் குசினியிலிருந்து ஒரு தேசிக்காயைக் களவாக எடுத்து, அதன் புளிச்சாற்றால் கைபேசியைத் தேய்த்துத் துடைப்பார். தேசிக்காய் இத்தனை கெதியில் எப்படி முடிகிறது என்று அன்னலட்சுமி ஒருநாளும் கேட்டதில்லை. மனைவியின் கவனக்குறைவை அவர் மனதார வாழ்த்தினார்.

சனிக்கிழமை விடியற்காலை, யாரும் எழும்புமுன் சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டார். தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்து, "ஐயோ, காத்துப் போட்டுதே!" என்றார்.

"கண்டனான். சுலோஜனா வீட்டுப் பம்பை வாங்கி அடிச்சிட்டன். கல்லு மாதிரி இருக்குது, போட்டு வாங்கோ," என்றாள் அன்னலட்சுமி.

"அம்மா, நீங்களும் வாங்கோவன்," என்றாள், இரவு பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த கௌசிகா.

"எனக்குச் சைக்கிள் ஏலாது, பிள்ளை. எனக்கு நடைதான் சரி," என்றவள் அவசரமாகக் குசினிக்குள் போய்விட்டாள்.

கௌசிகா, சுலோஜனாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். புறப்படும்போது குனிந்து பார்த்தாள்.

"அப்பா, ரயரில புது ரப்பர் மயிர் இன்னும் அப்பிடியே கிடக்குதே?"

"அது நல்ல சாமான், பிள்ளை. லேசில தேயாது."

தேநீர்க் கடையைக் கடக்கையில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்பால் அவருக்கு எல்லாமே புதிது. வெண்மணல், கரையேற்றிய வள்ளங்கள், தென்னைகளுக்கிடையே நீலமாய் வந்து வந்து மறையும் கடல். ஒரு மாதமாக ஓடிய பாதையை அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

"இந்த வளைவுக்கு அங்கால என்ன வரும், அப்பா?"

"கடல்."

"அதுக்கும் அங்கால?"

"பேந்தும் கடல்தான்," என்றார், மூச்சை மிச்சம் பிடித்து.

நிலாவெளியில் கரைவலைக் கயிறு நீண்டு கிடந்தது. இழுத்துக்கொண்டு நின்றவர்கள் தொந்தியும் வியர்வையுமாய் வந்து இறங்கியவரை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"ஆரு இவர்?" என்று ஒருவர் வாயெடுக்க, கயிற்றின் நடுவிலிருந்து அன்ஸார் கத்தினான்: "எங்கட ஐயாதான்! என்ன ஐயா, இண்டைக்குப் பிந்திப்போச்சு? வந்து பிடியுங்க!"

காப்பாற்றியவனே கயிற்றையும் கொடுத்துவிட்டான். பிடித்த கையை, வலையின் மடி கரை சேருமுன் எடுப்பது அங்கே மரியாதையில்லை. குலசிங்கத்தார் இழுத்தார். கால் மணலில் புதைந்தது, உள்ளங்கை எரிந்தது, இரண்டு தரம் நின்ற இடத்திலேயே விழுந்து, கயிற்றை விடாமல் எழும்பினார். மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்ற ஒன்றே அவரைக் காலில் நிறுத்தி வைத்திருந்தது. கடைசியில் வெள்ளியாய்த் துள்ளும் மடி கரையேறியபோது, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தாமாகவே இரண்டு மீனை எடுத்து அவர் கையில் வைத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் உழைத்து வாங்கிய பங்கு அது.

கௌசிகாவின் கண் கலங்கியிருந்தது.

"நான் போறன், அப்பா. இண்டைக்கே எழுதிப்போடுறன். பயமில்லாமல் போவன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, இளநீர் வாங்க வீதிக்கு நடந்தாள்.

அந்தச் சொல், கயிற்றைவிட அதிகமாக அவரைச் சுட்டது. வளைக்குள் கிடந்த நண்டு வெட்கப்பட்டு வெளியே வந்தது. சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அன்ஸாரிடம் மெல்லப் போனார்.

"அன்ஸார், நாளையில இருந்து என்ர போனைத் தரமாட்டன். நானே ஓடப்போறன். நான் அந்தப் பிள்ளையை ஏமாத்தினது காணும். இந்தக் கதை அன்னலட்சுமிக்கு மட்டும் தெரிஞ்சுபோகக் கூடாது. பாவம், அவள் ஒருத்தியாவது வஞ்சகமில்லாமல் நடந்து திரியுறாள்."

அன்ஸார் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு, நிம்மதியாகச் சிரித்தான்.

"நல்லம் ஐயா, எனக்கும் ஒரு பாரம் குறைஞ்சுது. இனி ஒழுங்கை ஒழுங்கையா மீன் விக்கக்குள்ள, அம்மாட போனை மட்டும் கொண்டு திரிஞ்சாப் போதும்தானே."